மலைப்பாதையில் இறங்கப்போகும் மூன்றடுக்குக் கேக்கைக் கட்டுவது எப்படி?

கோத்தகிரியில் வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துவரும் நீங்கள், தங்கையின் திருமண வரவேற்புக்காக முதன்முறையாக மூன்று அடுக்குகள் கொண்ட கேக் செய்யப்போவதாகவும், மண்டபம் மேட்டுப்பாளையத்தில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுக்குகள் பத்து, எட்டு, ஆறு அங்குல வட்டங்கள். ஒவ்வொன்றும் நான்கு அங்குல உயரம். மேல் அடுக்குகளின் பாரத்தில் கீழ் அடுக்கு அமுங்கிவிடுமா, தாங்குவதற்கு எத்தனை குச்சிகளை எங்கே நிறுத்த வேண்டும், வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு மலையிறங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கான பதில், குச்சிகள் இல்லாவிட்டால் நிச்சயம் அமுங்கும் என்பதுதான். நீங்கள் சொல்லும் அளவில், கிரீமும் பூச்சும் சேர்ந்து, எட்டு அங்குல அடுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவும் ஆறு அங்குல அடுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலும் இருக்கும். ஆக, பத்து அங்குல அடுக்கின் தலையில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாரம் உட்காரப்போகிறது. பிளம் கேக்காக இருந்தால் இந்தப் பாரம் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். காற்றறைகள் நிறைந்த கேக்கும் மெத்தென்ற கிரீமும் இதைச் சில நிமிடங்கள் தாங்குவதாகத் தோன்றினாலும், சில மணி நேரத்தில் நடுப்பகுதி குழிந்து, பக்கவாட்டில் கிரீம் பிதுங்கி, மேல் அடுக்கு ஒருபக்கமாகச் சாயத் தொடங்கும்.

அடுக்குக் கேக்கில் கேக் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். பந்தல் துணியின் பாரம் கால்கள் வழியே தரைக்கு இறங்குவதுபோல, மேல் அடுக்கின் பாரம் அதன் அடியிலுள்ள அட்டைக்கும், அட்டையிலிருந்து குச்சிகளுக்கும், குச்சிகளிலிருந்து கீழ் அடுக்கின் அட்டைக்கும் இறங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பயனில்லை. மேல் அடுக்கின் அடியில் அட்டை இல்லாவிட்டால் குச்சிகள் அந்தக் கேக்கையே துளைத்துக்கொண்டு மேலேறும். கீழ் அடுக்கின் அட்டை மெல்லியதாக இருந்தால் குச்சிகளின் கால்கள் அதில் பள்ளம் பறிக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்கும் தனக்கென ஓர் அட்டையின் மேல்தான் பிறக்க வேண்டும். எட்டு அங்குல அடுக்குக்கு எட்டு அங்குல அட்டை, ஆறுக்கு ஆறு. பூச்சு அட்டையின் விளிம்பையும் சேர்த்து மூடிவிடுமாதலால் அது வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பலகை மட்டும் அரை அங்குலக் கனமுள்ளதாகவும், கீழ் அடுக்கைவிட மூன்று நான்கு அங்குலம் அகன்றதாகவும் இருக்கட்டும். கேக் சாமான் கடைகளில் கனமான பலகை ஆயத்தமாகவே கிடைக்கிறது. இல்லையேல் தச்சரிடம் பிளைவுட்டை வட்டமாக அறுத்து வாங்கி, உணவுக்குரிய தாளால் இறுக்கிச் சுற்றிக்கொள்ளலாம். தூக்கும்போது வளையும் பலகையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். பலகை வளைந்தால் அதன் மேலுள்ள பூச்சு வெடிக்கும். வெடிப்பு வழியே குச்சிகளும் அசையத் தொடங்கும்.

குச்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமதளத்து ஊர்களில் பலர் தடிமனான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களையே தாங்கிகளாக வைத்துவந்தார்கள். தமிழகத்தில் 2019 ஜனவரி முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் அவை தடைசெய்யப்பட்ட பொருள்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் வெகு முன்பே வந்துவிட்டது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலங்காரத்துக்கான தெர்மாகோலும் 2022 பட்டியலில் இருப்பதால், ‘நடு அடுக்கைத் தெர்மாகோலில் வைத்துக்கொள்ளலாம்’ என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். நமக்கு எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, கேக்குக்கென்றே விற்கப்படும், கழுவித் திரும்பப் பயன்படுத்தக்கூடிய கெட்டியான உள்ளீடற்ற குழாய்கள். மற்றொன்று, கால் அங்குலம், அதாவது இரண்டு நூல், கனமுள்ள உருண்டை மரக்குச்சிகள்.

இவ்விரண்டில் கீழ் அடுக்குக்கு உள்ளீடற்ற குழாயையே நான் விரும்புவேன். அதன் விட்டம் பெரியது என்பதால் எளிதில் சாயாது. கேக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிளக்காமல், தன் வாய்க்குள் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு நேராக இறங்கும். மரக்குச்சி கேக்கை ஒதுக்கிக்கொண்டுதான் இறங்கும். ஆனால் மலிவு, அறுப்பதும் எளிது. மரத்தைத் தேர்ந்தெடுத்தால் வண்ணம், வார்னிஷ், பூச்சிமருந்து எதுவும் படாததாக இருக்க வேண்டும். அறுத்த முனையை உப்புத்தாளில் தேய்த்து, துடைத்து, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் ஒரு முறை தோய்த்து உலர்த்திவிட்டால் மரத்தின் வாடை கேக்கில் ஏறாது. தோட்டத்தில் ஒடித்த சுள்ளிகளை, அவை எவ்வளவு நேராக இருந்தாலும், உணவுக்குள் செருகக் கூடாது. கபாப் குத்தும் மெல்லிய மூங்கில் ஊசிகளும் வேண்டாம். அவை பாரத்தைத் தாங்கினாலும், பக்கவாட்டில் சற்றே அசைந்தால் கேக்கைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு சாய்ந்துவிடும்.

எண்ணிக்கையில் குழப்பம் வேண்டியதில்லை. பத்து அங்குல அடுக்கில் ஆறு, எட்டு அங்குல அடுக்கில் நான்கு. பிளம் கேக்கானால் கீழே எட்டு, நடுவில் ஆறு. உச்சி அடுக்குக்கு ஒன்றும் வேண்டாம், அதன் மேல் எதுவும் உட்காருவதில்லை. இடம்தான் முக்கியம். குச்சிகள் யாவும் மேலே வரப்போகும் அட்டையின் வட்டத்துக்குள், அதன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். பட்டர் பேப்பரில் எட்டு அங்குல வட்டம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதே மையத்தில் கவராயத்தை மூன்று அங்குலத்துக்கு விரித்து உள்ளே ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தை மூடாமல், அதே விரிப்பில், உள்வட்டத்தின் மேல் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எட்டு வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். இந்தத் தாளைக் கேக்கின் மேல் வைத்து, மையத்தைப் பார்த்துக்கொண்டு, ஆறு புள்ளிகளையும் பல்குத்தும் குச்சியால் குத்தி அடையாளம் செய்துகொள்ளலாம். நடு அடுக்குக்கு இரண்டு அங்குல ஆரமுள்ள வட்டமும் நான்கு புள்ளிகளும் போதும். மையப் புள்ளியைக் காலியாக விடுங்கள். அங்கே வேறொரு குச்சிக்கு வேலை இருக்கிறது.

இனி உயரம். அடுக்குக் கேக்குகள் சாய்வதற்கு எண்ணிக்கைக் குறைவைவிட உயர வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது. முதல் குச்சியைச் செங்குத்தாக அடிப்பலகை தட்டும்வரை இறக்கி, பூச்சின் மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு, மேலே இழுத்து, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். மற்ற ஐந்தையும் கேக்கில் வைத்து அளக்காதீர்கள். அறுத்த முதல் குச்சியை மேசையில் கிடத்தி, அதனருகே வைத்தே அறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக அளந்தால், கேக்கின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்களை எல்லாம் குச்சிகள் அப்படியே வாங்கிக்கொண்டு மேல் அடுக்கைச் சாய்த்துவிடும். மேற்பரப்பு சற்றுச் சரிந்திருந்தால் உயரமான பக்கத்தில் அளவெடுங்கள். குச்சி பூச்சுக்கு மேல் அரை நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பாதகமில்லை. அந்த இடைவெளியைப் பூச்சு வேலையில் மறைத்துவிடலாம். தாழ்ந்திருந்தால், தாழ்ந்த அளவுக்குக் கேக்கின் மேல் பாரம் ஏறுகிறது என்று பொருள். மரக்குச்சிக்கு ஆக்ஸா பிளேடு நல்லது. தேயிலைத் தோட்டத்துக் கவாத்துக் கத்தரியும் வெட்டும். ஆனால் முனையை நசுக்கிச் சரிவாக்கிவிடும். அப்படி வெட்டினால் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் நிமிர்த்தித் தேய்த்துச் சமன் செய்தே தீர வேண்டும்.

எல்லாக் குச்சிகளும் இறங்கிய பிறகு ஒரு சோதனை இருக்கிறது, அதைத் தவிர்க்காதீர்கள். கேக் இல்லாத வெற்று எட்டு அங்குல அட்டை ஒன்றைக் குச்சிகளின் மேல் வையுங்கள். உள்ளங்கையால் நான்கு பக்கமும் மாறி மாறி மெல்ல அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் எழும்பினால் ஏதோ ஒரு குச்சி உயரமாகவோ குட்டையாகவோ இருக்கிறது. அட்டை அசையாமல் நின்றால் அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு முறை குறுக்கேயும் ஒரு முறை நெடுக்கேயும் வைத்துப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் மேசையின் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். சரிவில் கட்டிய பழைய வீடுகளில் சமையலறைத் தரையே சில வேளைகளில் வாட்டமாக இருக்கும். மேசை சாய்ந்திருப்பதைக் கேக் சாய்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு நல்ல குச்சிகளை அறுத்துவிடக் கூடாது.

குச்சிகள் செங்குத்தாக நிற்பது உயரத்துக்கு அடுத்த முக்கியம். ஆறும் ஒரே பக்கம் சற்றே சாய்ந்திருந்தால், பாரம் ஏறியதும் அவை சேர்ந்து அதே பக்கம் படுக்கும். சாய்ந்து இறங்கிய குச்சியை உள்ளேயே வளைத்து நிமிர்த்த முயலாமல், வெளியே இழுத்து, அரை அங்குலம் தள்ளிப் புதிய இடத்தில் இறக்குங்கள். கண்ணால் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல், குனிந்து, குச்சியை மேசையின் மட்டத்திலிருந்து இரண்டு திசைகளில் பார்க்க வேண்டும்.

குச்சிகள் எத்தனை இருந்தாலும் கேக் தன் சொந்தப் பாரத்தையாவது தாங்கிக்கொள்ள வேண்டுமே. இங்கேதான் மலையூரின் குணம் குறுக்கிடுகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடர் விடும் வாயு கூடுதலாக விரிகிறது. கேக் வேகமாக எழும்பி, மாவு இறுகுவதற்குள் நடுவில் விழுகிறது. சமதளத்துக் குறிப்பு எதையாவது பின்பற்றினால் பேக்கிங் பவுடரில் நான்கில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஊட்டியானால் மூன்றில் ஒரு பங்கு. மாவில் இரண்டொரு மேசைக்கரண்டிப் பால் கூட்டி, அடுப்பின் வெப்பத்தைப் பத்து டிகிரி உயர்த்துங்கள். அடுக்குக் கேக்குக்குப் பஞ்சுபோன்ற ஸ்பாஞ்சைவிட, வெண்ணெய் சேர்த்த நெருக்கமான கேக்கே ஏற்றது. நம் ஊர்க் கேரட்டைத் துருவிப் போட்ட கேக் ருசியானது, ஈரமும் காக்கும்; ஆனால் அது கனம். அதை வைக்க விரும்பினால் கீழ் அடுக்குக்கு வைத்துக்கொள்வதே முறை.

வெந்து ஆறிய கேக்கை உடனே அடுக்கிப் பூசக் கூடாது. ஓர் அடுக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் கேக் வட்டங்களான லேயர்களையும் கிரீமையும் அடுக்கி, பட்டர் பேப்பர் சுற்றி, மேலே ஒரு தட்டு வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். தன் பாரத்திலேயே அது சில மில்லிமீட்டர் அமுங்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். அமுங்குவதற்கு முன் குச்சி அளந்தால், மறுநாள் குச்சி பூச்சுக்கு மேல் தலைநீட்டி நிற்கும். உள்ளே ஸ்ட்ராபெர்ரியோ பழக்கூழோ வைப்பதாக இருந்தால், லேயரின் விளிம்பைச் சுற்றிக் கெட்டியான பட்டர்கிரீமால் ஒரு வரப்பு போட்டு, அதற்குள் மட்டும் பழத்தை நிரப்புங்கள். கீழ் அடுக்கில் பழமே வேண்டாம் என்பது என் கருத்து. பழச்சாறு குச்சிகளின் வழியே அட்டைக்கு இறங்கி அதை ஊறவைக்கும். ஓர் அடுக்கின் உயரம் ஐந்து அங்குலத்தைத் தாண்டினால் அதன் நடுவிலேயே மற்றோர் அட்டையும் குச்சிகளும் தேவைப்படும். உங்கள் நான்கு அங்குலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பூச்சைப் பொறுத்தவரை, கோத்தகிரியில் வெற்றிபெற்ற கலவை மேட்டுப்பாளையத்தில் தோற்கலாம். மண்டபம் உங்கள் வீட்டைவிட ஏறத்தாழ 1,450 மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் மட்டுமே வெப்பம் ஒன்பது பத்து டிகிரி கூடும், மண்டபத்து விளக்குகளும் கூட்டமும் தனி. நம் குளிரில், சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சான கனாஷுக்கு ஒன்றரைப் பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் போதுமானது. இறங்கும் கேக்குக்கு இரண்டு பங்கு சாக்லேட் வையுங்கள், வெள்ளைச் சாக்லேட்டானால் மூன்று. வீட்டில் பூசும்போது அது கல்லாக இறுகுவதுபோல் தோன்றும். கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்துவிட்டுப் பூசினால் வழிக்கு வரும். அடித்த விப்பிங் கிரீமை மட்டும் வெளிப்பூச்சாகக் கொண்ட மூன்றடுக்குக் கேக்கை அந்த வெயிலுக்கு அனுப்ப நான் இசைய மாட்டேன். சர்க்கரைப்பாகு ஊற்றிச் செய்யும் பட்டர்கிரீம் உங்கள் வழக்கமானால் ஒன்றைக் கவனியுங்கள்: குறிப்பில் 118 டிகிரி என்றிருந்தால் நம் உயரத்தில் 112 டிகிரியிலேயே பாகு அந்தப் பதத்துக்கு வந்துவிடும், 118 வரை காத்திருந்தால் பாகு முற்றிவிடும்.

இப்போது மலைப்பாதை. இதுவரை சொன்ன குச்சிகள் எல்லாம் மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்துக்கானவை. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது கேக்கின் மேற்பகுதி வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. மேல் அடுக்கின் அட்டை குச்சிகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதேயன்றி, எதனோடும் பிணைக்கப்படவில்லை. எத்தனை குச்சிகளை நிறுத்தினாலும் இந்தப் பக்கவாட்டுத் தள்ளலை அவை தடுக்காது. அதற்கென்று தனியே ஒன்று வேண்டும்; அதுதான் மையக்குச்சி. மூன்று அடுக்குகளையும் அவற்றின் அட்டைகளையும் ஊடுருவி, அடிப்பலகையில் சற்றே பதிந்து நிற்கும் ஒற்றைக் குச்சி அது. உங்கள் கேக்கின் மொத்த உயரம் பன்னிரண்டு அங்குலமானால் மையக்குச்சி பதினொன்று இருக்கட்டும். ஒரு முனையைப் பென்சில் சீவியில் கூர்மையாக்கி, உச்சியிலிருந்து நேராக இறக்கி, அட்டையில் தட்டியதும் சுத்தியலால் மெல்ல அடித்தால் அட்டையைத் துளைத்துக்கொண்டு போகும். தலை மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்ததும் அதன் மேல் சிறிது கிரீம் வைத்து மூடிவிடலாம். பிளைவுட் அல்லது கனமான அட்டையைக் குச்சி துளைக்காது. கேக்கை அதன் மேல் வைப்பதற்கு முன்பே மையத்தில் துளையிட்டுக்கொள்ளுங்கள்.

முழுவதும் அடுக்கிக்கொண்டு இறங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மையக்குச்சியை அடிப்பலகையோடு திருகாணியிட்டு முடுக்கி, அடுக்குகளை அதன் வழியே மேலிருந்து இறக்கிக் கட்டுபவர்கள், முழுக் கேக்கையும் மலையிறக்குவதுண்டு. ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது, மூன்றையும் மூன்று பெட்டிகளில் தனித்தனியாக எடுத்துச் சென்று மண்டபத்தில் அடுக்குங்கள் என்பதே. தாங்குகுச்சிகளை வீட்டிலேயே இறக்கி, ரசமட்டம் பார்த்து முடித்துவிடுங்கள்; மண்டபத்தில் மிஞ்சுவது இரண்டு அடுக்குகளை ஏற்றுவதும், மையக்குச்சி அடிப்பதும், இணைப்பை மறைப்பதும்தான். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். மேலும் ஆறு கிலோவுக்கு மேற்பட்ட கேக்கை மாடிப்படியில் தூக்கிச் செல்வது ஒருவரால் ஆகிற காரியமன்று.

வண்டியின் இருக்கையில் பெட்டியை வைக்காதீர்கள். இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும். டிக்கியின் சமதளமோ முன்னிருக்கையின் கால்வைக்கும் இடமோ நல்லது. அங்கே வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள். பெட்டிக்குள் பலகை நகராதபடி அளவு ஒட்டியதாக இருக்க வேண்டும். நகர்ந்தால் நான்கு மூலையிலும் மடித்த அட்டையைச் செருகுங்கள். கேக் முந்தைய இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் இருந்து கெட்டியாகியிருக்கட்டும். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலும் குறைவு, எதிரே ஏறிவரும் சுற்றுலா வண்டிகளும் குறைவு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால், இறங்கும் நீங்கள்தான் அடிக்கடி நிறுத்தி வழிவிட வேண்டியிருக்கும்; ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பிரேக் என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டாம் கியரிலேயே மெல்ல இறங்கச் சொல்லுங்கள். ஏ.சி. ஓடட்டும்.

குளிர்ந்த கேக்கை ஈரக்காற்றில் திறந்தால் அதன் மேல் வியர்வைபோல் நீர் முத்துக்கும். ஃபாண்டன்ட் எனும் சர்க்கரை விரிப்பைப் போர்த்திய கேக்கில் இது பளபளவென்று பிசுபிசுப்பாகத் தெரியும். பெட்டியை மூடியபடியே மண்டபத்தில் அரை மணி நேரம் விட்டால், அந்த நீர் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்துவிடும். அதற்கும் மேல் முத்தினால் துணியால் ஒற்றாதீர்கள், விரல் தடம் விழும். மின்விசிறிக் காற்றில் தானாக உலர்ந்துவிடும். நம் ஊர்ப் பனிமூட்ட நாளில், வீட்டில் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுக்கும்போதும் இதே கதைதான் என்பதால், கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகே குளிர்ப்பெட்டிக்குள் ஏற்றுவது நல்லது.

மேல் அடுக்கை வைப்பதற்கு முன், கீழ் அடுக்கின் மேற்பரப்பில் அட்டை உட்காரும் வட்டத்துக்குள் மட்டும் உலர்ந்த தேங்காய்த் துருவலைச் சிறிது தூவுங்கள். வெட்டும்போது அட்டையோடு பூச்சு உரிந்து வராது. வட்டத்தின் நடுவில் ஒரு கரண்டி கனாஷ் வைத்தால் அது பசையாகும். அடுக்கை இறக்கும்போது அகலமான இரண்டு பேலட் கத்திகளை அடியில் கொடுத்து, பின்விளிம்பை முதலில் பொருத்தி, முன்விளிம்பை மெல்லத் தாழ்த்தி, கத்திகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். வைத்த பிறகு சற்று விலகி நின்று பாருங்கள். மையம் தவறியிருந்தால் கனாஷ் இறுகுவதற்குள், அட்டையின் விளிம்பில் விரல் கொடுத்து நகர்த்தலாம். மையக்குச்சி அடித்த பிறகு நகர்த்த முடியாது.

இணைப்பின் விளிம்பைக் கிரீம் மணிகளாலோ ரிப்பனாலோ மறைக்கலாம். பூ வைப்பதானால் ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூர் வீடுகளில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, ஓடைக்கரைகளில் தானாக வளரும் வெள்ளைக் கல்லா லில்லி, மணிபோல் தொங்கும் ஊமத்தை இனத்துப் பூ ஆகிய மூன்றும் கண்ணுக்கு அழகு, வயிற்றுக்கு நஞ்சு. இவற்றைக் கேக்கின் மேல் வைக்கவே கூடாது. மருந்தடிக்காத ரோஜா போதும். அதன் காம்பையும் நேராகக் கேக்கில் குத்தாமல், பட்டர் பேப்பர் சுற்றியோ சிறு குழலுக்குள் வைத்தோ செருகுங்கள்.

பழைய முறைப்படி தூண்கள் வைத்து, அடுக்குகளுக்கிடையே வெளி விட்டுச் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முந்திரியும் சர்க்கரையும் அரைத்த மார்சிபான் போர்த்தி, கெட்டியாக உலரும் சர்க்கரைப் பூச்சான ராயல் ஐசிங் இறுகப் பூசிய பிளம் கேக்குகளுக்கு அது அழகாகவே இருக்கும். அங்கேயும் தூண் கேக்கின் மேல் நிற்பதாகத் தோன்றினாலும், அதனுள்ளே ஓடும் குச்சியே பாரத்தை அடிப்பலகைக்குக் கொண்டுசெல்கிறது. தூண்களில் கட்டிய கேக்கை மண்டபத்தில் வைத்தே அடுக்க வேண்டும். அதற்கு மையக்குச்சியும் இல்லை, வண்டிப் பயணமும் ஆகாது.

கடைசியாக, கேக்கை வெட்டிப் பரிமாறப்போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டியது ஒன்று உண்டு. மணமக்கள் கீழ் அடுக்கின் ஓரத்தில் சம்பிரதாயத்துக்குக் கத்தி வைக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். குச்சிகள் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே இருப்பதால், கத்தி ஓரங்குலம் இறங்கினால் அவற்றில் மோதாது. பிறகு மையக்குச்சியை இடுக்கியால் பிடித்து மேலே உருவி, உச்சி அடுக்கைத் தூக்கி வேறு மேசையில் வைத்து, நடு அடுக்கின் நான்கு குச்சிகளையும் எடுத்துவிட்டு, அதன் பிறகே அதையும் தூக்க வேண்டும். கீழே ஆறு, நடுவே நான்கு, மையத்தில் ஒன்று, ஆகப் பதினொன்று என்று அடிப்பலகையின் அடியில் பென்சிலால் எழுதி, பரிமாறும் பொறுப்பாளரிடமும் வாயால் சொல்லுங்கள். பதினொன்றும் ஒரு தட்டில் சேர்ந்த பிறகே துண்டுகள் பந்திக்குப் போகட்டும்.